கரைநாட்டு எண்ணெயும் பாவாவின் அட்வான்ஸும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஏழு பேருக்கும் படிக்கக் கொடுக்க ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஆபீஸிலிருந்து போன் வந்தது. "கொஞ்சம் உற்சாகமா இருக்கட்டும் சார்" என்று வேறு சொன்னார்கள். உற்சாகத்துக்கு என்னிடம் சரக்கு இல்லை. முப்பத்து மூன்று வருஷ வேலையில் ஒரே ஒரு தடவை எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போட்டது போட்டபடி இன்னும் இறங்கவில்லை. அதைத்தான் எழுதப்போகிறேன். பிடிக்கவில்லை என்றால் மடித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். கேண்டீன் டீ இப்போதாவது வாயில் வைக்கிற மாதிரி இருக்கிறதா?

நம் வேலை உங்களுக்குத் தெரியும். வளரும் நாடுகள் வெளியே வாங்கும் கடனை வருஷாவருஷம் திரட்டி, இரண்டிரண்டு நாடாகப் பக்கத்தில் வைத்து, யார் எங்கே ஆரம்பித்தார்கள், எங்கே வந்து நிற்கிறார்கள் என்று பார்ப்பது. உலக அளவில் கடன் கொடுக்கும் அமைப்புகளும் வங்கிகளும் நம் ஒப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச உட்காருவார்கள். என் மேஜையில் இருந்த ஜோடியின் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஓய்வு பெறுகிற அன்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் மாலை போட்டார்கள். செக்‌ஷனில் நாங்கள் வைத்திருந்த பெயரிலேயே சொல்கிறேன். ஒன்று மேட்டுநாடு. மலையும் காபித் தோட்டமும் அடிக்கடி வறட்சியும். மற்றது கரைநாடு. அதற்குக் கடல் இருந்தது, கடலுக்கு அடியில் எண்ணெய் இருந்தது.

இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் முதல் கடனை வாங்கியவை. ஒரே அளவு ஜனம், ஒரே மாதிரி ஏழ்மை. தாளில் இரண்டு கோடுகளும் முதல் இருபது வருஷம் கைகோத்துக்கொண்டு ஏறும். மேட்டுநாடு ஒரு ரோட்டுக்கு வாங்கும், ஒரு அணைக்கு வாங்கும், மழை பொய்த்தால் தானியத்துக்கு வாங்கும். வாங்கியதை எல்லாம் பட்டியல் போட்டு அனுப்பும். தவணை தாண்டியதற்கு விழுந்த வட்டியைக்கூடத் தனி வரியாக எழுதும். கரைநாடும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. பிறகு எண்ணெய் எடுக்க ஆரம்பித்தார்கள். அங்கிருந்து அதன் கோடு இறங்கத் தொடங்கியது. மேட்டுநாட்டின் கோடு மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று.

அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஒரே ஒரு கேள்விதான் வரும். அவனால் முடிந்தது இவனால் ஏன் முடியவில்லை? அந்தப் படத்தை வரைந்தவன் நான். ஒன்பது வருஷம் வரைந்தேன்.

இறங்க ஆரம்பித்த முதல் வருஷத்தைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். கரைநாட்டிலிருந்து வந்த கோப்பில் புதிதாக ஒரு குறிப்பு இருந்தது. ஒரு வெளிநாட்டு வங்கி அவர்களுக்குப் பெரிய தொகை கொடுத்திருந்தது. திருப்பித் தரவேண்டியது பணமாக இல்லை, இனி எடுக்கப்போகும் எண்ணெயாக. குறிப்பில் அதற்கு 'முன்பணம்' என்று பெயர். அப்போது எங்களுக்குத் தலைவராக இருந்தவரை மேடம் என்றே சொல்கிறேன். அவர் மொத்தத் தொகையைப் பார்க்க மாட்டார், அடிக்குறிப்புகளைத்தான் முதலில் படிப்பார். அந்தக் குறிப்பைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது கடன்ல வராதா?"

"அட்வான்ஸ் எப்படி மேடம் கடன் ஆகும்? சரக்கு கொடுக்கப் போறாங்க, அதுக்கு முன்னாடியே காசு வாங்கிக்கறாங்க. வியாபார வரவு."

நான் சொன்ன வேகத்தில் இருந்த நிச்சயத்தைப் பார்த்து அவர் பென்சில் வட்டத்தை அழித்தார். அந்தத் தொகை கடன் பத்தியிலிருந்து வியாபார வரவுப் பத்திக்குப் போயிற்று. அடுத்த வருஷம் இன்னொரு முன்பணம், அதற்கடுத்த வருஷம் இன்னொன்று. எல்லாம் அதே பத்தி. பிறகு யாரும் வட்டம் போடவில்லை.

எனக்கு அந்த நிச்சயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே அன்று தெரியாது. தெரிய ஒன்பது வருஷமும் ஒரு லுங்கித் தறியும் வேண்டியிருந்தது.

ஓய்வு பெற மூன்று மாதம் இருந்த ஆடி மாதம். கொரோனாவுக்குப் பிறகு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை என்று ஆகிவிட்டதால் நான் திருத்தணி வீட்டில் இருந்தேன். ஆடிக் கிருத்திகை அன்று மதியம் கடன் கொடுப்பவர்களின் கூட்டம், வீடியோவில். மேட்டுநாடு இரண்டு வருஷத் தவணையைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டிருந்தது. மறுத்தால் அந்தப் பணம் அவர்களுடைய சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளின் மருந்துச் செலவிலிருந்துதான் போக வேண்டும் என்று விண்ணப்பத்தில் வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். என் ஒப்பீடு முந்தின வாரமே எல்லோருக்கும் போய்விட்டது. கிருத்திகை அன்று சென்னைக்குக் கிளம்பினால் ரயிலடிக்கே போய்ச் சேர முடியாது, வீட்டிலிருந்தே கலந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள் பரணி. பொதட்டூர்பேட்டையிலிருந்து என் அக்கா போன் செய்தாள். அவள் வீட்டுக்காரர், எங்களுக்குப் பாவா, வீட்டிலேயே நான்கு பவர்லூம் போட்டு லுங்கி ஓட்டுகிறவர். முட்டி இரண்டும் தேய்ந்துபோய், தறியை விற்றுவிட்டுக் கே.ஜி.கண்டிகையில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் டீக்கடை போடலாம் என்று இருந்தார். அம்மையார்குப்பத்துக்காரர் ஒருவர் தறி வாங்க அன்று வருகிறாராம்.

"நீதான்டா கடன் ஆபீசரு. நீ வந்து பக்கத்துல நில்லு, போதும். எவனும் ஏமாத்த மாட்டான்" என்றாள் அக்கா.

எனக்கும் கொஞ்சம் பெருமைதான். இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு போனேன்.

வாங்க வந்தவர் ஒல்லியான மனிதர். ஒவ்வொரு தறியையும் ஓடவிட்டுப் பார்த்தார், நிறுத்தித் தட்டிப் பார்த்தார், மறுபடி ஓடவிட்டார். விலை படிந்தது. மடியிலிருந்து மஞ்சள் பையை எடுத்தவர் ஒரு கணம் நின்றார்.

"எல்லாம் சரிங்க. கடன் கிடன் எதுனா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நாளைக்கு எவனும் வந்து என் தறியப் புடிக்கக் கூடாது."

"கடனா? ஒரு பைசா கெடையாது. மலை மேல கீறவன் சாட்சி" என்றார் பாவா.

வாங்க வந்தவர் என்னைப் பார்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"நான் உலகத்துல நாடு நாடா கடன் பார்க்கறவன். எங்க பாவாவுக்குக் கடன் இல்லைங்க. நான் கேரண்டி."

இந்த வாயால்தான் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. பாவாவுக்குத் தறியில் ஏற்றும் பாவும் குறுக்கே ஓடும் நூலும் கொடுத்துக் கூலிக்கு லுங்கி வாங்கிக்கொள்ளும் ஓனர். வயதானவர், வெள்ளைச் சட்டை, கோபமே இல்லாத முகம். அக்காவிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"இன்னா நைனா, தறி விக்கறியாமே?"

"ஆங், முட்டி முடியலைங்க ஓனரே. எத்தினி நாளைக்கு நின்னுகினே ஓட்டறது?"

"வித்துக்கோ, யாரு வேணாம்னது? அட்வான்ஸ நேர் பண்ணிட்டு வித்துக்கோ."

பையிலிருந்து நீளமான ஒரு நோட்டை எடுத்துக் கட்டில் மேல் வைத்தார். நான் வாங்கிப் புரட்டினேன். தீபாவளிக்கு ஒரு வரி. மகளுக்குக் காது குத்தியதற்கு ஒரு வரி. மோட்டார் எரிந்துபோனதற்கு. பாவாவின் அம்மா காரியத்துக்கு. மகள் கல்யாணத்துக்கு ஒரு பக்கம் முழுக்க. பதினெட்டு வருஷம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே பாவாவின் கையெழுத்து. கூட்டிப் பார்த்தேன். நான்கு தறியையும் விற்றாலும் பாதிகூடத் தேறாது.

"பாவா! கடனே இல்லைனு இப்பதானே சத்தியம் பண்ணீங்க?"

பாவா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட முகம் இல்லை அது. நான் என்ன கேட்கிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை.

"கடன் எங்க மச்சான் கீது? இது அட்வான்ஸு."

"அதாங்க சார்" என்றார் ஓனரும். "ஒரு பைசா வட்டி வாங்கனது இல்ல நானு. கடன்னாதானே வட்டி? அட்வான்ஸு தீர்ற வரிக்கும் எம் பாவுதான் ஓட்டணும், வேற கைக்குத் தறி போவக் கூடாது. அவ்ளோதான் பேச்சு."

"தீர இன்னும் எத்தனை நாள் ஆகும்?"

அவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "அவரு ஓட்டற வேகத்துக்கு ஏழெட்டு வருஷத்து லுங்கி."

இன்னும் நெய்யாத லுங்கி! நூலே வாங்காத லுங்கி! அத்தனையும் ஏற்கெனவே விற்றாயிற்று, காசு வாங்கிச் செலவும் செய்தாயிற்று. ஏழெட்டு வருஷம் அந்த மனிதர் நெய்யப்போவது எதுவும் அவருடையது இல்லை. இதற்குப் பெயர் கடன் இல்லையாம்.

அம்மையார்குப்பத்துக்காரர் மஞ்சள் பையைச் சுருட்டி மடியில் செருகினார். போகும்போது என்னிடம் சொன்னார்:

"இன்னா சார், நாடு நாடா கடன் பாக்கறேன்னியே. வூட்ல கீறது கண்ணுக்குத் தெரியலியா?"

மானம் போயிற்று. ஆனால் அவர் சொன்னது பாதிதான் சரி. எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் அப்பாவும் அதே ஊரில் அதே மாதிரி வாங்கி ஓட்டியவர்தான். எங்கள் வீட்டில் கடன் என்றால் பேங்கில் வாங்குவது, வட்டிக்காரனிடம் வாங்குவது. அது அவமானம். ஓனரிடம் வாங்குவது அட்வான்ஸ். அது நம்பிக்கை, உரிமை, சொல்லப்போனால் ஒரு கௌரவம். 'எனக்கு இவ்வளவு தூக்கிக் கொடுத்தாரு' என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். நான் படித்து, பட்டம் வாங்கி, முப்பது வருஷம் உலகக் கடனைப் பார்த்தும் இந்த ஒன்றை மட்டும் கேள்வி கேட்காமல் கூடவே கொண்டுபோயிருக்கிறேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் எனக்குப் பாவாவைப் பற்றிய கவலைதான். திருத்தணிக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டார்கள். சாயங்காலம். ரோடு முழுக்கப் பூக்காவடி, மஞ்சள் துணி, அரோகரா சத்தம். கூட்டத்தோடு கூட்டமாக நடந்துகொண்டிருந்தேன். இன்னும் நெய்யாத லுங்கி என்று மனசுக்குள் மறுபடி ஒரு தடவை சொல்லிக்கொண்டேன். இன்னும் எடுக்காத எண்ணெய் என்று அதற்குப் பதில் வந்தது.

கால் நின்றுவிட்டது. பின்னால் வந்த காவடிக்காரர் முதுகில் இடித்து, "சாமி, நடங்க சாமி" என்றார். ஓரமாக ஒதுங்கி ஒரு மின்கம்பத்தடியில் நின்றேன். 'அட்வான்ஸ் எப்படி மேடம் கடன் ஆகும்?' அன்று பேசியது நான் இல்லை. எங்கள் அப்பா பேசியிருக்கிறார். பாவா பேசியிருக்கிறார். நாளை மதியம் ஒரு நாட்டைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கப்போகிறார்கள், அதற்கு ஆதாரம் நான் வரைந்த கோடு.

வீட்டுக்கு வந்ததும் மேடத்துக்குப் போன் போட்டேன், அன்றும் எங்களுக்குத் தலைவர் அவர்தான். எல்லாவற்றையும் சொன்னேன், லுங்கி உட்பட.

"எத்தனை வருஷம்?"

"ஒன்பது மேடம்."

"அய்யோ" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "நான் வட்டம் போட்டேன். போட்டுட்டு அழிச்சேன்."

"இப்ப என்ன பண்றது? கூட்டம் முடியட்டும், அடுத்த அறிக்கையில திருத்திடலாமா?"

இதை நான் கேட்டேன். மூன்று மாதத்தில் ஓய்வு, மாலை, போட்டோ, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மறைக்காமல் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

"அதுக்குள்ள அவங்க மருந்துக் காசு போயிடும்" என்றார் மேடம். "ராத்திரி திருத்துங்க. காலையில எனக்கு அனுப்புங்க. கூட்டத்துல நீங்களே சொல்லுங்க. குழு, பிரிவு, நடைமுறைன்னு ஆரம்பிக்காதீங்க. நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் என் பங்கை நான் சொல்லிக்கறேன்."

ஒன்பது வருஷக் கோப்பையும் திறந்து, முன்பணங்களை ஒவ்வொன்றாகக் கடன் பத்திக்கு மாற்றினேன். மாற்றும்போதுகூட ஒரு நப்பாசை. கொஞ்சம்தான் மாறும், கோடு லேசாகத் தூக்கும், மற்றபடி கதை அப்படியே இருக்கும் என்று. கடைசி எண்ணைப் போட்டதும் படம் திரையில் வந்தது. கரைநாட்டின் கோடு இறங்கவே இல்லை. ஏறி, மேட்டுநாட்டைத் தாண்டி, அதற்கு மேலே போய் நின்றது. ஒன்பது வருஷமாக உலகத்துக்கே முன்மாதிரி என்று நான் காட்டிய நாடு, மற்றதைவிட அதிகமாக மாட்டிக்கொண்டிருந்தது. மேட்டுநாட்டின் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. அவர்கள் எதையும் மறைக்கவில்லை, அதனால் திருத்த ஒன்றும் இல்லை. விடியும் முன்பே, ஜனம் எழுந்து போனை எடுப்பதற்குள், மேடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

நல்ல வேளை அனுப்பினேன். எட்டு மணிக்கு ஊரில் இன்டர்நெட் செத்துப்போயிற்று. கிருத்திகைக் கூட்டத்தில் எல்லோரும் காவடியைப் படம் பிடித்து அனுப்பினால் டவர் என்ன செய்யும்? எங்கள் தெருவில் பந்தல் போட்டவர்கள் இன்டர்நெட் கேபிளையும் அறுத்துவிட்டார்கள். கடைசியில் வீட்டு லேண்ட்லைனில் சென்னை எண்ணுக்குப் போட்டு, குரல் மட்டும் கூட்டத்துக்குப் போகிற மாதிரி ஏற்பாடு செய்துகொண்டேன். என் முகம் யாருக்கும் தெரியாது. அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. இந்த வசதி எனக்கு என்ன செய்தது என்று பின்னால் சொல்கிறேன்.

கூட்டத்தின் தலைவர் எதிர்பார்த்தபடியே ஆரம்பித்தார். ஒப்பீட்டைப் படித்தோம், கரைநாட்டால் முடிந்தது உங்களால் ஏன் முடியவில்லை என்றார். மேட்டுநாட்டு நிதித் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி பதில் சொன்னார். அடங்கிய குரல்.

"வாங்கியது எல்லாவற்றையும் நாங்கள் எழுதினோம். தாமத வட்டியைக்கூட எழுதினோம். எழுதியதுதான் எங்கள் தப்பா? இந்த ஒப்பீடு முதலில் வந்த வருஷமும் இதே கேள்வியைக் கேட்டீர்கள். அன்று செலவைக் குறைக்கச் சொன்னீர்கள், குறைத்தோம். என் சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடினோம். இந்தத் தடவை எதை மூட வேண்டும், சொல்லுங்கள்."

பிரசவ வார்டா? நான் ஒரு தொகையை ஒரு பத்தியிலிருந்து இன்னொரு பத்திக்கு மாற்றியவன். மவுஸில் ஒரு தட்டு. அது போய் எங்கோ ஒரு மலையூரில் ஒரு கதவைச் சாத்தியிருக்கிறது.

"மன்னிக்க வேண்டும்" என்று குறுக்கிட்டேன். ஜன்னலுக்கு வெளியே சரியாக அப்போதுதான் ஒரு காவடிக் கூட்டம் மேளத்தோடு போயிற்று. அது என்ன சத்தம் என்றார் தலைவர். கோயில் திருவிழா என்றேன். யாரோ சிரித்தார்கள். மேளம் தாண்டிப் போகும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த அரை நிமிஷத்தில் என் தைரியத்தில் பாதி கரைந்துபோயிற்று.

"ஒப்பீட்டில் ஒரு பிழை இருக்கிறது" என்றேன். "எங்கள் குழுவில், ஒரு வகைப்படுத்தலில், நேர்ந்துவிட்டது."

குழுவாம்! வகைப்படுத்தலாம்! நேர்ந்துவிட்டதாம்! மேடம் வேண்டாம் என்று சொன்ன மாதிரி வார்த்தைகளே வரிசையாக வந்து விழுந்தன. முகம் தெரியாத இடத்தில் இருந்துகொண்டு நான் ஒளிந்துகொண்டேன். மேடம் திரையில் போட்டுக் காட்டிய திருத்திய படத்தைப் பற்றி ஒழுங்காகத்தான் விளக்கினேன், ஒரு எண்ணைக்கூட மறைக்கவில்லை. என்னை மட்டும் மறைத்துக்கொண்டேன்.

நான் முடித்ததும் மேடத்தின் குரல் வந்தது. "அந்த முதல் வருஷம் எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்டேன். விட்டுவிட்டேன். ஒப்புதல் கையெழுத்து என்னுடையது. தப்பு என்னுடையது." அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பெயரை எடுக்கவும் இல்லை.

அன்று முடிவு எடுக்காமல் கலைந்தார்கள். மூன்று மாதம் கழித்து மேட்டுநாட்டின் தவணையைத் தள்ளிவைத்தார்கள். மருந்துப் பணம் தப்பியது. கரைநாட்டிலிருந்து மட்டும் எங்களுக்குக் கோபமாக ஒரு கடிதம் வந்தது. 'இது கடன் அன்று, முன்பணம்' என்று அதில் எழுதியிருந்தார்கள். படித்தால் அப்படியே எங்கள் பாவாவின் குரல். அவர்களும் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு என் சேமிப்பில் ஒரு பகுதியை ஓனருக்குக் கொடுத்து, மீதிக்கு இரண்டு தறியை அவரிடமே விட்டு, மற்ற இரண்டை விற்றோம். பாவா இப்போது கே.ஜி.கண்டிகையில் டீ ஆற்றுகிறார். பால் பாக்கெட்காரர் முன்பணம் தருகிறேன் என்று வந்தாராம். அக்கா விரட்டிவிட்டாளாம்.

இதிலிருந்து உங்களுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு விஷயம் இருக்கிறது. எந்த நாட்டுக் கோப்பைத் திறந்தாலும் கடன் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். நாளைக்கு இவர்கள் எடுக்கப்போகிற எண்ணெய், பறிக்கப்போகிற காபி, வசூலிக்கப்போகிற சுங்கம், அது யாருக்குச் சொந்தம் என்று கேளுங்கள். என்ன பெயர் வைத்திருந்தாலும் இந்தக் கேள்வியில் அகப்பட்டுவிடும். இது முதலாவது, சுலபமானது.

இரண்டாவது, தப்பைச் சொல்லும்போது 'நான்' என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். அது எனக்கு எப்படித் தெரியவந்தது என்று சொல்லி முடிக்கிறேன்.

தவணை தள்ளிப்போன செய்தி வந்த வாரம். அடுத்த நாள் எனக்கு வழியனுப்பு விழா. மேட்டுநாட்டுப் பெண் அதிகாரியிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல். நன்றி சொல்லியிருப்பார் என்று ஆசையாகத் திறந்தேன். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஒப்பீட்டின் கடைசிப் பக்கத்தை இணைத்திருந்தார். 'தயாரித்தவர்' என்ற இடத்தில் ஒரு பெயரைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். கீழே ஒரே வரி: "அன்று தொலைபேசியில் பேசியது நீங்கள்தானா?"

மறுநாள் மாலை போட்டார்கள். என் நேர்மையைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். மேடமும் வந்திருந்தார், பேசவில்லை, கைதட்டினார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பதில் எழுத நான்கு நாள் ஆயிற்று. குழு என்று தொடங்கி அழித்தேன். அந்தக் காலத்து நடைமுறை என்று தொடங்கி அழித்தேன். ஐந்தாம் நாள் காலையில், "ஆமாம், நான்தான். முன்பணத்தைக் கடனில் சேர்க்காதவன் நான்" என்று எழுதி அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"சொன்னதற்கு நன்றி. அந்த வார்டை மூடிய மாதம் எனக்கு எட்டாம் மாதம்."

அவ்வளவுதான் எழுதியிருந்தார். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.